வயிறு, மனசு, மாத்திரை: எது எதைக் கெடுக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்குக் கொஞ்சம் கூச்சமான டாபிக். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, முடிச்சுட்டு வந்து கேளுங்க. ஏன்னா இன்னைக்கு மோஷன் பத்தி நிறையப் பேசப் போறோம்.

மனநலம் பத்தி எப்போ எபிசோடு போட்டாலும் ஒரே மாதிரி சில கேள்விகள் வருது. "ஆபீஸ் கிளம்புற நேரத்துல தினமும் மூணு தடவை டாய்லெட் போக வேண்டியிருக்கு, டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொல்றாங்க." "டிப்ரஷனுக்கு மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து வயிறு சரியில்ல, நிறுத்திடலாமா?" "ரெண்டு வருஷமா கேஸ் மாத்திரை போடுறேன், போடலன்னா நெஞ்செரிச்சல் தாங்க முடியல." பாக்க மூணும் தனித்தனிக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனா மூணும் ஒரே முடிச்சுதான். அதை இன்னைக்கு மெதுவா அவிழ்ப்போம்.

தமிழுக்கு ஏற்கெனவே தெரியும்

பரீட்சை ரிசல்ட் வரப்போகுதுன்னா "வயித்துல புளியைக் கரைக்குது"ன்னு சொல்றோம். நல்ல சேதி வந்தா "வயித்துல பாலை வார்த்த". பொறாமைன்னா வயித்தெரிச்சல். பயம், நிம்மதி, பொறாமை எல்லாத்தையும் நம்ம ஊர்ல வயித்துலதான் வெச்சிருக்காங்க. டாக்டர்கள் இதை அளந்து பாக்க ஆரம்பிச்சு இருநூறு வருஷம் ஆகுது.

1822-ல அமெரிக்காவுல மேக்கினாக் தீவுல, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்னு ஒரு இளைஞர் வயித்துல தவறுதலா குண்டு பாய்ஞ்சது. ஆள் பிழைச்சுட்டார், ஆனா இரைப்பையில விழுந்த ஓட்டை மூடவே இல்ல. அவருக்கு வைத்தியம் பாத்த ராணுவ டாக்டர் வில்லியம் போமாண்ட், அந்த ஓட்டை வழியா பல வருஷம் இரைப்பையை நேரடியாப் பாத்துக் குறிப்பு எழுதினார். அந்த ஆளுக்குக் கோபம் வந்தா இரைப்பையோட உள்பக்கம் மாறுது, செரிமானம் தடைபடுதுன்னு கவனிச்சார். இதையெல்லாம் 1833-ல புத்தகமா போட்டார். நோயாளியை இப்படி வருஷக்கணக்கா சோதனைக்கு வெச்சது சரியாங்கற கேள்வி இன்னைக்கும் இருக்கு. ஆனா மனசு மாறினா வயிறு மாறும்னு மனுஷன் கண்ணால பாத்தது அப்போதான்.

எக்ஸ்ரே கண்டுபிடிச்ச கொஞ்ச வருஷத்துலயே, ஹார்வர்டுல படிச்சிட்டிருந்த வால்டர் கேனன், பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த சாப்பாடு கொடுத்து, அவற்றோட இரைப்பை அசையறதை எக்ஸ்ரேல பாத்தார். பூனை பயந்தாலோ கோபப்பட்டாலோ அந்த அசைவு அப்படியே நின்னுடுச்சு. ஆபத்து வந்தா சண்டை போடு, இல்லன்னா ஓடுன்னு உடம்பு தயாராகுதுன்னு பள்ளிக்கூடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்களே, அந்த விளக்கத்தைக் கொடுத்தவரும் இதே கேனன்தான்.

வயித்துக்குள்ள தனி நரம்பு மண்டலம்

உணவுக்குழாய்ல ஆரம்பிச்சு மலக்குடல் வரைக்கும், குடல் சுவருக்குள்ள கோடிக்கணக்கான நரம்பு செல்கள் வலை மாதிரி பின்னியிருக்கு. மூளையோட உத்தரவுக்குக் காத்திருக்காமலே சாப்பாட்டைத் தள்றது, கலக்கறது, நீரை உறிஞ்சறதுன்னு பெரும்பாலான வேலையை அது தானே பாத்துக்கும். இதைப் பத்தி மைக்கேல் கெர்ஷான் 1998-ல எழுதின புத்தகத்தோட பேரே "இரண்டாவது மூளை".

முதல் மூளைக்கும் இந்த ரெண்டாவது மூளைக்கும் நடுவுல பெரிய கேபிள் மாதிரி ஓடறது வேகஸ் நரம்பு. இதுல பெரும்பாலான இழைகள் வயித்துல இருந்து மூளைக்குத்தான் சேதி கொண்டு போகுது. கிட்டத்தட்ட 80 சதவீதம்னு சொல்வாங்க. அதாவது தலை வயித்துக்குச் சொல்றதை விட, வயிறு தலைக்குச் சொல்றதுதான் ஜாஸ்தி.

இன்னொரு முக்கியமான பேரு செரட்டோனின். ரீல்ஸ்ல "ஹேப்பி ஹார்மோன்"னு சொல்வாங்களே, அதுதான். உடம்புல இருக்கிற செரட்டோனின்ல 90 சதவீதத்துக்கும் மேல இருக்கறது குடல்ல. இதைக் கேட்ட உடனே "அப்போ குடலைச் சரி பண்ணா டிப்ரஷன் போயிடும்"னு சப்ளிமென்ட் விக்க ஆரம்பிச்சுடறாங்க. கொஞ்சம் பொறுங்க. குடல்ல இருக்கிற செரட்டோனின் மூளைக்குள்ள போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, அதைத் தாண்ட முடியாது. குடல்ல அதோட வேலை வேற. குடலை அசைய வைக்கறது, நீர் சுரக்க வைக்கறது, குமட்டல் சிக்னல் அனுப்பறது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. மாத்திரை பத்திப் பேசும்போது திரும்ப வருவோம்.

ஐபிஎஸ்: போலீஸ் இல்ல, குடல்

வயிறு வலி, அடிக்கடி லூஸ் மோஷன், இல்லன்னா நாலு நாள் மலச்சிக்கல், இல்லன்னா ரெண்டும் மாறி மாறி. ஸ்கேன் நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். இதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்கிற பேருதான் ஐபிஎஸ். 2016-ல வந்த ரோம் 4 விதிகள்படி, கடைசி மூணு மாசமா சராசரியா வாரத்துல ஒரு நாளாவது வயிறு வலி இருக்கணும். அந்த வலி மலம் கழிக்கறதோட தொடர்புடையதா இருக்கறது, மலம் போற தடவை மாறறது, மலத்தோட தன்மை மாறறது, இந்த மூணுல ரெண்டாவது இருக்கணும். பிரச்சினை ஆரம்பிச்சு குறைஞ்சது ஆறு மாசம் ஆகியிருக்கணும்.

"டெஸ்ட் நார்மல்னா நோயே இல்லதானே?" இல்ல. ஸ்கேன்ல குடலோட வடிவம் தெரியும். அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது. ஆராய்ச்சியில ஒரு சின்ன பலூனை மலக்குடல்ல வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஊதிப் பாத்திருக்காங்க. ஐபிஎஸ் இருக்கிறவங்கள்ல பல பேருக்கு, மத்தவங்க கண்டுக்காத அளவுலயே வலி வருது. ஹெட்போன் வால்யூம் யாரோ முழுசா ஏத்தி விட்ட மாதிரி, சாதாரண கேஸ், சாதாரண அசைவு கூட அவங்களுக்கு வலியா கேக்குது. அந்த வலி கற்பனை இல்ல.

பயம், பதற்றம், தூக்கமின்மை எல்லாம் இந்த வால்யூமை இன்னும் ஏத்தும். அப்புறம் ஒரு சுத்து ஆரம்பிக்கும். நம்ம மின்சார ரயில்ல டாய்லெட் கிடையாது. தாம்பரத்துல ஏறும்போதே "நடுவுல வந்துட்டா என்ன பண்றது"ன்னு பயம். பயத்துல குடல் வேகமா அசையும். நிஜமாவே வந்துடும். கிண்டியில இறங்கி ஓடணும். அடுத்த நாள் ரயிலைப் பாத்தாலே வயிறு கலக்கும். அப்புறம் காலையில சாப்பிடறதை விடுவாங்க, அப்புறம் நண்பர்களோட வெளிய போறதை விடுவாங்க, அப்புறம் வேலையை விடறதைப் பத்தி யோசிப்பாங்க. ஐபிஎஸ் யாரையும் கொல்றதில்ல. ஆனா ஒருத்தரோட உலகத்தை வீட்டு பாத்ரூமைச் சுத்தி இருக்கிற அளவுக்குச் சின்னதாக்கிடும். டிப்ரஷன் வர்றதுக்கு அதுவே போதும்.

எது முதல்ல வந்தது?

வீட்டுல "கண்டதை யோசிக்காத, வயிறு சரியாயிடும்"னு சொல்வாங்க. சில பேரு "முதல்ல வயித்தைச் சரி பண்ணு, மனசு தானா சரியாகும்"னு சொல்வாங்க. ஆஸ்திரேலியாவுல ஒரு ஆராய்ச்சிக் குழு பொதுமக்கள்ல ஒரு கூட்டத்தை 12 வருஷம் தொடர்ந்து பாத்து, 2012-ல முடிவைப் போட்டாங்க. ஆரம்பத்துல பதற்றம் அதிகமா இருந்து, வயிறு நல்லா இருந்தவங்களுக்குப் பின்னாடி வயித்துப் பிரச்சினை வர்ற வாய்ப்பு அதிகமா இருந்தது. ஆரம்பத்துல வயித்துப் பிரச்சினை மட்டும் இருந்து, மனசு நல்லா இருந்தவங்களுக்குப் பின்னாடி பதற்றமும் டிப்ரஷனும் அதிகமா இருந்தது. ரோடு ரெண்டு பக்கமும் போகுது.

2000-ம் வருஷம் மே மாசம் கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊர்ல குடிதண்ணில கிருமி கலந்துடுச்சு. சுமார் 2,300 பேருக்கு உடம்பு சரியில்லாம போச்சு, 7 பேரு இறந்தாங்க. அந்த ஊர்க்காரங்களை டாக்டர்கள் 8 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. கிருமி எப்பவோ போயிடுச்சு. ஆனா அப்போ வயித்துப்போக்கு வந்தவங்கள்ல நிறைய பேருக்கு ஐபிஎஸ் வந்து, சில பேருக்கு வருஷக்கணக்கா நீடிச்சது. அந்த நோய் கடுமையா இருந்தவங்களுக்கும், ஏற்கெனவே பதற்றமோ டிப்ரஷனோ இருந்தவங்களுக்கும் வாய்ப்பு அதிகமா இருந்தது. இதுல கிருமி உண்மை, மனசோட பங்கும் உண்மை. உங்களுக்கும் ஒரு ஃபுட் பாய்சனுக்கு அப்புறமோ, டைஃபாய்டுக்கு அப்புறமோதான் வயிறு மாறிச்சுன்னா, டாக்டர்கிட்ட அதைக் கண்டிப்பா சொல்லுங்க.

"எல்லாம் டென்ஷன்தான்"னு முடிச்சுடக் கூடாது

நம்ம ஊர்ல மேல்வயிறு எரிஞ்சாலே "எனக்கு அல்சர்"னு சொல்றது வழக்கம். ரொம்ப காலம் உலகமே அல்சருக்குக் காரணம் டென்ஷனும் காரமும்தான்னு நம்புச்சு. ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டர்கள், ஹெலிகோபேக்டர் பைலோரின்னு ஒரு பாக்டீரியாதான் பெரிய காரணம்னு சொன்னாங்க. யாரும் நம்பல. 1984-ல மார்ஷல் அந்தக் கிருமியை வளத்த திரவத்தைத் தானே குடிச்சு, தனக்கே இரைப்பை அழற்சி வர வெச்சுக் காட்டினார். 2005-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. அதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு "டென்ஷனைக் குறைங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஆன்டிபயாடிக் கோர்ஸ்ல சரியாகியிருக்க வேண்டிய நோய் அது.

அதனால ஐபிஎஸ்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்விகள் இருக்கு. மலத்துல ரத்தம் வருதா? முயற்சி பண்ணாம எடை குறையுதா? தூக்கத்துல இருந்து எழுப்பற அளவுக்கு வயித்துப்போக்கா? விட்டு விட்டு காய்ச்சலா? ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்கா? வீட்டுல யாருக்காவது குடல் புற்றுநோய், குரோன்ஸ் மாதிரி குடல் அழற்சி நோய், சீலியாக் இருக்கா? 45 வயசுக்கு மேல முதல் முறையா ஆரம்பிச்சிருக்கா? இதுல ஒண்ணு ஆமான்னா கூட, அது டென்ஷன்னு விடக் கூடாது. இந்தியாவுல குடல் டிபியும் இதே மாதிரி வயிறு வலி, எடை குறைவு, காய்ச்சலோட வரலாம். தைராய்டு அதிகமா சுரந்தா பதற்றமும் லூஸ் மோஷனும் சேர்ந்தே வரும். அதை ஆங்க்ஸைட்டின்னு நினைச்சு மாசக்கணக்கா விட்டுடலாம்.

நல்ல சேதி என்னன்னா, இதைப் பிரிச்சுப் பாக்க நூறு டெஸ்ட் தேவையில்ல. ரத்த எண்ணிக்கை, சிஆர்பி, தைராய்டு, சீலியாக் ஆன்டிபாடி, மலத்துல கால்புரோடெக்டின் மாதிரி சில டெஸ்ட் பெரும்பாலும் போதும். கால்புரோடெக்டின் நார்மலா இருந்தா குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு குறைவு. ஒரு தடவை ஒழுங்காப் பாத்துட்டு நார்மல்னு வந்தா, அதை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஊர் ஊரா போய்த் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கறதும் பதற்றத்துக்குத் தீனிதான்.

மாத்திரை வயித்தை என்ன பண்ணுது?

இப்போ அந்த செரட்டோனின் விஷயத்துக்கு வருவோம். டிப்ரஷனுக்கும் பதற்றத்துக்கும் முதல்ல கொடுக்கற மருந்துகள் பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூக்ஸெட்டின் எல்லாம் இதுல வரும். நரம்புகளுக்கு நடுவுல செரட்டோனின் கொஞ்சம் அதிக நேரம் தங்க வைக்கறதுதான் இதோட வேலை. மாத்திரை வாய் வழியா போகுது, ரத்தத்துல கலக்குது, மூளைக்குப் போற மாதிரியே குடலுக்கும் போகுது. குடல்ல செரட்டோனினோட வேலை என்னன்னு பாத்தோம்: அசைவு, நீர் சுரப்பு, குமட்டல். அதனால முதல் வாரத்துல குமட்டல், லூஸ் மோஷன், பசியின்மை வரலாம். செர்ட்ரலின்ல லூஸ் மோஷன் மத்ததை விடக் கொஞ்சம் அதிகம். பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல இது அடங்கிடும்.

சிக்கல் என்னன்னா, மனசுக்கு அந்த மாத்திரை உதவ ரெண்டுல இருந்து நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம் கூட ஆகும். முதல்ல வர்றது தொந்தரவு, அப்புறம்தான் பலன். அந்த இடைவெளியிலதான் நிறைய பேரு "இது எனக்கு ஒத்துக்கல"ன்னு தூக்கிப் போட்டுடறாங்க. ரொம்பக் கஷ்டப்பட்டு, வீட்டுக்குத் தெரியாம டாக்டரைப் பாத்து, பயந்து பயந்து ஆரம்பிச்ச சிகிச்சை பத்தாவது நாள்ல நின்னுடுது. சாப்பாட்டோட போடறது, குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தறது, வேற மருந்துக்கு மாத்தறதுன்னு டாக்டர்கிட்ட நிறைய வழி இருக்கு. ஒரு போன் போட்டுக் கேளுங்க.

மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கறதைத் திடீர்னு நிறுத்தினாலும் தலைசுத்தல், குமட்டல், எரிச்சல், மின்சாரம் பாய்ஞ்ச மாதிரி உணர்வு எல்லாம் வரலாம். "நோய் திரும்ப வந்துடுச்சு"ன்னு பயந்துடுவீங்க. நிறுத்தணும்னா படிப்படியாத்தான் குறைக்கணும். இன்னொண்ணு, 25 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரைகளை ஆரம்பிச்ச முதல் சில வாரம் கூடுதல் கவனம் வேணும். தற்கொலை எண்ணம் புதுசா வந்தாலோ, அதிகமானாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். வீட்டுல ஒருத்தருக்காவது, ரூம்மேட்டுக்காவது இது தெரிஞ்சிருக்கறது நல்லது.

தலைவலிக்கும் பீரியட்ஸ் வலிக்கும் போடற இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை எஸ்எஸ்ஆர்ஐயோட சேர்த்துப் போட்டா இரைப்பையில ரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடும். மெடிக்கல்ல கேட்டு வாங்கும்போது இதைச் சொல்லுங்க. மலம் கருப்பா தார் மாதிரி போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

எதிர்ப்பக்கம் போறதும் இருக்கு. அமிட்ரிப்டிலின் மாதிரி பழைய வகை மருந்துகள் வாயை வறள வைக்கும், குடலை மெதுவாக்கும், மலச்சிக்கல் வரும். தீவிர மனநோய்க்குக் கொடுக்கற குளோசபின்ல மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகிற அளவுக்குப் போகலாம். அந்த மருந்து எடுக்கறவங்க வீட்டுல இருந்தா, "இன்னைக்கு வெளிய போனீங்களா"ன்னு தினமும் கேக்கறது அக்கறை. அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

கேஸ் மாத்திரைன்னு நினைக்கறது கேஸ் மாத்திரை மட்டும்தானா?

பான்டோபிரசோல், ஒமெபிரசோல், ராபெபிரசோல். காலையில வெறும் வயித்துல ஒண்ணு. நம்மள்ல எத்தனை பேருக்கு இது பல் தேய்க்கற மாதிரி ஒரு பழக்கமா ஆகிப்போச்சு! அமில எதுக்களிப்புக்கும் அல்சருக்கும் இது ரொம்ப நல்ல மருந்து. டாக்டர் சொன்ன காலம் வரைக்கும் தாராளமா போடலாம். ஆனா ஐபிஎஸ் வலிக்கும் லூஸ் மோஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

"நிறுத்தினா எரியுதே, அப்போ எனக்கு அது தேவைதானே?" 2009-ல டென்மார்க்ல ஒரு ஆராய்ச்சி வந்தது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமானவங்களைப் பிரிச்சு, பாதிப் பேருக்கு 8 வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தினாங்க. முன்னாடி நல்லா இருந்தவங்கள்ல பத்துல நாலு பேருக்கு மேல, நிறுத்தின அப்புறம் நெஞ்செரிச்சல், அஜீரணம்னு வந்தது. இத்தனை வாரம் அடக்கி வெச்ச அமிலச் சுரப்பு, விட்ட உடனே துள்ளிக் கிளம்புது. பெரும்பாலும் சில வாரத்துல அடங்கிடும். அதனால டாக்டர்கிட்ட பேசி மெதுவா குறைங்க. நடுவுல எரிஞ்சா சாதாரண ஆன்டாசிட் சிரப் வெச்சுச் சமாளிக்கலாம். வருஷக்கணக்கா போடறவங்களுக்கு பி12-ம் மெக்னீசியமும் குறையலாம். பி12 குறைஞ்சா சோர்வும், மனசு டல்லாகறதும் வரும். வயித்துக்குப் போட்ட மாத்திரை, சுத்தி வந்து மனசைத் தொடற வழி இது.

அடுத்தது கூட்டு மாத்திரைகள். நம்ம ஊர்ல கேஸ் மாத்திரையோட லெவோசல்பிரைடு சேர்ந்து வர்ற கேப்ஸ்யூல் நிறைய எழுதறாங்க. இது டோபமினைத் தடுக்கற மருந்து, மனநோய் மருந்துகளோட குடும்பத்தைச் சேர்ந்தது. நாள்பட எடுத்தா பீரியட்ஸ் தள்ளிப் போகலாம், மார்புல பால் கசியலாம், கை நடுங்கலாம். அதே மாதிரி ஐபிஎஸ்க்கு எழுதற சில மாத்திரைகள்ல குளோர்டயசிபாக்சைடு இருக்கும். இது பதற்றத்துக்கான மருந்து, தொடர்ந்து எடுத்தா பழக்கமாகிடும். சாராயத்தோட சேர்ந்தா ஆபத்து. டாக்டர் குறிப்பிட்ட நாளுக்கு யோசிச்சுக் கொடுத்தா அதுல தப்பில்ல. பழைய சீட்டைக் காட்டி ரெண்டு வருஷம் வாங்கிச் சாப்பிடறதுதான் பிரச்சினை. உங்க பையில இருக்கிற அட்டையைத் திருப்பிப் பின்னாடி சின்ன எழுத்துல என்னென்ன மருந்து இருக்குன்னு ஒரு தடவை படிங்க.

"எனக்கு ஏன் டிப்ரஷன் மாத்திரை கொடுத்தாங்க?"

வயிறு வலின்னு போய், கையில அமிட்ரிப்டிலின் சீட்டோட வந்து, கூகுள் பண்ணிப் பாத்துட்டு கோபப்படறவங்க நிறைய. "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரு"ன்னு. டிப்ரஷனுக்கு இந்த மருந்தைப் பொதுவா 75 மில்லிகிராம், அதுக்கும் மேல கொடுப்பாங்க. ஐபிஎஸ்க்கு 10 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க. இந்தச் சின்ன அளவுல அது வேலை செய்யறது வலி நரம்புகள்ல. ஏத்தி விட்ட அந்த வால்யூமைக் கொஞ்சம் இறக்கி விடுது. இங்கிலாந்துல சாதாரண குடும்ப டாக்டர்கள்கிட்ட வந்த 463 ஐபிஎஸ் நோயாளிகளை வெச்சு நடந்த ஆய்வு 2023-ல லான்செட் இதழ்ல வந்தது. 10-ல இருந்து 30 மில்லிகிராம் வரைக்கும், நோயாளியே தேவைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டு ஆறு மாசம் எடுத்தாங்க. டம்மி மாத்திரை எடுத்தவங்களை விட இவங்களுக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. முதல் கட்ட சிகிச்சை உதவாதவங்களுக்கு இது ஒரு நல்ல அடுத்த வழி.

பக்க விளைவையும் இங்க உபயோகப்படுத்திக்கலாம். குடலை மெதுவாக்கறதால, லூஸ் மோஷன் அதிகமா இருக்கிறவங்களுக்கு அமிட்ரிப்டிலின் ரெண்டு விதத்துல உதவும். மலச்சிக்கல் அதிகமா இருந்து கூடவே டிப்ரஷனும் இருக்கிறவங்களுக்கு, குடலைக் கொஞ்சம் வேகமாக்கற எஸ்எஸ்ஆர்ஐ பொருத்தமா இருக்கலாம். இதனாலதான் மனநல டாக்டர்கிட்ட வயித்தைப் பத்தியும், வயித்து டாக்டர்கிட்ட மனசைப் பத்தியும் மறைக்காம சொல்லணும்.

மாத்திரை தவிர என்ன?

முதல்ல சாப்பாடு. மெல்பர்ன்ல மோனாஷ் பல்கலைக்கழகத்துல உருவான ஒரு உணவு முறைக்கு ஃபாட்மேப்னு பேரு. சில வகை மாவுச்சத்தும் சர்க்கரையும் சிறுகுடல்ல சரியா உறிஞ்சாம பெருங்குடலுக்குப் போய்ப் புளிச்சு, கேஸும் நீரும் சேர்க்கும். நம்ம சமையல்ல இதுல முன்னாடி நிக்கறது வெங்காயம், பூண்டு, கோதுமை, ராஜ்மா, கொண்டைக்கடலை, பால், மாம்பழம். அரிசிச் சாதம் பிரச்சினை பண்றதில்ல. பூண்டுல வயித்தைத் தொந்தரவு பண்ற பொருள் எண்ணெய்ல கரையாது. அதனால எண்ணெய்ல பூண்டை வதக்கி, பூண்டை எடுத்துட்டுத் தாளிச்சா மணம் கிடைக்கும். பெருங்காயமும் கை கொடுக்கும். ஆனா இதை அதிகபட்சம் ஆறு வாரம் மட்டும் பண்ணி, அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்து எது ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்கணும். முடிஞ்சா ஒரு டயட்டீஷியனோட பண்ணுங்க. சாப்பாட்டைப் பாத்தாலே பயம், எடை பத்தின கவலைன்னு இருக்கிறவங்க இந்தப் பக்கமே போகாதீங்க.

நார்ச்சத்துல இசப்கோல் நல்லது. கோதுமைத் தவிடு சில பேருக்கு வலியைக் கூட்டும். ஃபில்டர் காபி குடலையும் தூண்டும், படபடப்பையும் ஏத்தும். காலையில ரெண்டாவது டம்ளரை நிறுத்திப் பாத்துட்டு ஒரு வாரம் வித்தியாசம் இருக்கான்னு கவனிங்க.

அடுத்தது மனசு வழியா. சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சைக்கு ஐபிஎஸ்ல நல்ல ஆதாரம் இருக்கு. ரயில் பயம், டாய்லெட் எங்க இருக்குன்னு தேடறது, இந்தச் சுத்தை உடைக்கறதுதான் அதோட வேலை. மான்செஸ்டர்ல பீட்டர் வோர்வெல் 1984-லயே குடலை மையமா வெச்ச ஹிப்னோதெரபி உதவுதுன்னு ஆய்வு மூலமா காட்டினார். 2010-ல ஹார்வர்டு குழு ஒண்ணு 80 ஐபிஎஸ் நோயாளிகள்ல ஒரு பகுதிப் பேருக்கு, "இதுல மருந்தே இல்ல, டம்மிதான்"னு வெளிப்படையா சொல்லியே மாத்திரை கொடுத்தாங்க. மூணு வாரத்துல, மாத்திரை எதுவும் வாங்காதவங்களை விட அவங்களுக்கு நல்லா இருந்தது. 59 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம், மத்த குழுவுல 35. அவங்களுக்கு இருந்த வலி பொய்ன்னு இதுக்கு அர்த்தமில்ல. ஒருத்தர் உக்காந்து நிதானமா கேட்டு, என்ன நடக்குதுன்னு விளக்கினாலே குடலுக்குப் போற சிக்னல் மாறுது. ஆறு நிமிஷத்துல முடியற ஓபி-ல அதுதான் கிடைக்கறதில்ல.

டாக்டரைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி

அந்த ஆறு நிமிஷத்தை வீணாக்காம இருக்க, ரெண்டு வாரத்துக்கு போன்ல ஒரு நோட் போடுங்க. தேதி, எத்தனை தடவை போனீங்க, எப்படி இருந்தது, வலி எவ்வளவு, என்ன சாப்பிட்டீங்க, தூக்கம் எப்படி, அன்னைக்கு என்ன டென்ஷன். மலத்தோட தன்மையைச் சொல்லக் கூச்சமா இருந்தா பிரிஸ்டல் சார்ட்னு தேடுங்க, ஏழு வகை படமா இருக்கும். "டைப் 6"ன்னு ஒரு நம்பர் சொன்னா போதும். பீரியட்ஸ் தேதியையும் குறிங்க, அந்த நாள்கள்ல நிறைய பேருக்கு ஐபிஎஸ் கூடும்.

கூடவே நீங்க எடுக்கற எல்லா மருந்தையும் எழுதுங்க. இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கல் பண்ணும், சர்க்கரைக்கும் பிசிஓஎஸ்க்கும் கொடுக்கற மெட்ஃபார்மின் லூஸ் மோஷன் பண்ணும், லித்தியமும் பண்ணும். ஜிம்ல குடிக்கற புரோட்டீன் பவுடர், நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் எழுதுங்க. ஒவ்வொண்ணையும் எந்த மாசம் ஆரம்பிச்சீங்க, வயிறு எந்த மாசம் கெட்டதுன்னு பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாத்தா, பல சமயம் பதில் அந்தப் பேப்பர்லயே தெரியும்.

வீட்டுல யாராவது இந்தக் கஷ்டத்துல இருந்தா, "இன்னுமா பாத்ரூம்ல இருக்க"ன்னு கதவைத் தட்டாதீங்க. ஊருக்குக் கிளம்பும்போது வழியில எங்கெங்க நிறுத்தலாம்னு நீங்களே முன்னாடி சொல்லிடுங்க. அந்த ஒரு வாக்கியத்துல அவங்க வயிறு பாதி அடங்கும்.

மனசு ரொம்பக் கனமா இருந்தா, உயிரோட இருக்கறதே வேண்டாம்னு தோணினா, இந்தியா முழுக்க 14416-க்கு இலவசமா கூப்பிடலாம். டெலி மானஸ், மத்திய அரசோட மனநல உதவி எண், தமிழ்லயும் பேசுவாங்க. வயித்துப் பிரச்சினையால இந்த நிலைமைக்கு வந்தேன்னு சொல்லத் தயங்காதீங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க.

இந்த எபிசோடுல சொன்னது எதுவும் உங்க டாக்டர் சொல்றதுக்கு மாற்று இல்ல. எந்த மாத்திரையையும் இதைக் கேட்டுட்டு ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அட்டையைத் திருப்பிப் படிங்க, நோட் போடுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல கேள்வி கேளுங்க. அடுத்த வாரம் பாப்போம்.